தொடாமலே முடிந்த பயிற்சி: ஸ்மார்ட் போர்டு பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஸ்மார்ட் போர்டு பயிற்சியைத் திட்டமிடும் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற ஜூன் மாதம் நீங்கள் நடத்திய ஒருநாள் பயிற்சியின் முடிவில் எங்கள் போனுக்கு ஒரு படிவம் வந்தது. பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். ‘மிகவும்’ என்பதை அழுத்தினேன். அது பொய். மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. படிவம் அனுப்பினால்தான் வருகைச் சான்று கைக்கு வரும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாசலில் நின்ற நாலைந்து டீச்சர்களின் போனை எட்டிப் பார்த்தேன். அவர்களும் ‘மிகவும்’தான். அனுப்பிய படிவத்தைத் திருத்த வழி இல்லை, அதனால் இந்த மடல்.

நான் நீலகிரியின் குந்தா வட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பணியில் சேர்ந்தது 1999இல். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள். பாதிப் பேர் பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) வரும் படகர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களில் பெரும்பாலோர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் நான்காம் தலைமுறை. மூன்று பேரின் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பையும் பள்ளியின் எல்லாப் பதிவேடுகளையும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். மூன்று, நான்கு, ஐந்து என் பொறுப்பு. சின்ன அறை மழைக்கு ஒழுகும் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லோரும் பெரிய அறையில்தான். ஸ்மார்ட் போர்டும் (விரலால் தொட்டு இயக்கும் பெரிய திரை) அந்த அறையில்தான் இருக்கிறது.

பயிற்சி நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 62 பேர். ஹாலின் முன்பக்கம் ஒரே ஒரு போர்டு. காலையில் முக்கால் மணி நேரம் வரவேற்பும் வாழ்த்தும். பிறகு பயிற்சியாளர் (நல்ல பையன், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை) ஒவ்வொரு ஐகானாக அழுத்தி, இது பேனா, இது அழிப்பான், இது வடிவங்கள், இது திரையைப் பிரிப்பது என்று காட்டினார். நான் எட்டாவது வரிசை. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கம்பளித் தொப்பியும் போர்டின் மேல் பாதியும் தெரிந்தன. மதியம் தக்காளி சாதம். சாப்பாட்டுக்குப் பிறகு ‘யாராவது வந்து செய்து பாருங்கள்’ என்றார்கள். ஆறு பேர் போனார்கள். ஆறு பேருமே முப்பது வயதுக்குள், அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். மீதி 56 பேர் கைதட்டினோம். சாயங்காலம் ஆகும்வரை என் விரல் அந்தக் கண்ணாடியில் ஒருமுறைகூடப் படவில்லை.

தொடுதிரைக்குப் பயிற்சி, தொடாமலே முடிந்தது. இந்த மடலின் விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதனால் அடுத்த ஏழு மாதம் என்னென்ன ஆயிற்று என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

போர்டு வந்த நாளில் எங்கள் ஊரே வந்து பார்த்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி குங்குமம் வைத்தார். தமிழ்நாடு முழுக்க 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தபோது, இந்த மலைக்கு அது கடைசியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். சீக்கிரமே வந்தது, அதற்கு நன்றி. 65 அங்குலம். பொருத்த வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் சுவரில் மாட்டிவிட்டு, ரிமோட்டையும் இரண்டு பேனாவையும் கொடுத்து, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே நான் அதன்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தினேன். தூசு படாமல் இருக்க என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உண்மையில் பயம். கீறிவிட்டால் யார் பணம் கட்டுவது? மூன்று வாரம் அந்தப் போர்வை அப்படியே கிடந்தது.

நான் புதுசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் முறை) மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகளும் ஏணிப்படிகளும் தட்டுகளுமாக வகுப்பு ஒரே நாளில் தலைகீழாக மாறியது. அப்போதும் பலர் புலம்பினார்கள். நான் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டேன். காரணம் எளிது: அட்டை கையில் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்படியில் பரப்பி வைத்துப் பார்க்கலாம். கிழிந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில்தான் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் உயரத்தில் ஒரு கட்டம், உட்கார்ந்தபடியே எழுதும். எங்கள் பள்ளியில் அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் இருக்கிறது, பெயிண்ட் உரிந்து.

அதற்கு நேர் மேலேதான் இப்போது ஸ்மார்ட் போர்டு. அடி விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த விளிம்பு கண்ணுக்கு நேராக வருகிறது. கையைத் தூக்கினாலும் திரையில் பாதிக்கு மேல் எட்டாது. மாட்டியவர்கள் தங்கள் உயரத்துக்கு மாட்டிவிட்டார்கள், தப்பு சொல்ல முடியாது. யாரும் அவர்களிடம் ‘இதைத் தொடப்போவது யார்?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் சத்துணவுக் கூடத்து பெஞ்சை அடியில் போட்டிருக்கிறோம். ஏறி இறங்கும்போது யாராவது விழுந்துவிடுவார்களோ என்று எனக்குத் திக்திக்கென்று இருக்கும்.

போர்வையை எடுத்த பிறகு ஆரம்பித்தது இன்னொரு கூத்து. நான் எழுதினால் கோடு தாவும். ‘அ’ போடுவேன், அதன் வால் தானாகப் போய் இன்னொரு மூலையில் புள்ளி வைக்கும். சில நாள் நான் தொடாமலே பக்கம் மாறும். போர்டு கெட்டுவிட்டது என்று புகார் எழுதினேன். கோவையிலிருந்து ஆள் வர 19 நாள் ஆனது. வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘மேடம், உங்க சால்வையைக் கழற்றிட்டு எழுதுங்க’ என்றார். கழற்றினேன். கோடு சரியாக விழுந்தது.

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பெரிய போர்டுகளில் பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்குத் தொடு உணர்வே கிடையாது. சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை அனுப்பும் சின்னச் சின்ன விளக்குகள், எதிர் ஓரத்தில் அவற்றை வாங்கும் உணரிகள். திரைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஒளிக்கதிர் வலை ஒன்று விரிந்திருக்கிறது. எது அந்தக் கதிரை மறித்தாலும் அந்த இடத்தைத் தொட்டதாக அது எடுத்துக்கொள்ளும். விரலானாலும் ஒன்றுதான், குச்சியானாலும் ஒன்றுதான், சால்வைத் தலைப்பானாலும் ஒன்றுதான். பக்கம் தானாக மாறியதற்குக் காரணம் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்த விட்டில்பூச்சி. காலை ஒன்பதரைக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே சட்டத்தில் விழும்போதும் அது தடுமாறுகிறது. ஜன்னலுக்கு இப்போது ஒரு சாக்கைக் கட்டியிருக்கிறோம். ஓரத்தில் சுண்ணாம்புத் தூசு படிந்தாலும் சிக்கல்தான், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

இதையே போனும் டேப்லெட்டும் வேறு விதமாகச் செய்கின்றன. அவை விரல் படும்போது திரையின் மின்னூட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்பவை, அதனால்தான் கம்பளிக் கையுறை போட்டால் டேப்லெட் அசையாது. எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரியில் காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும், பிள்ளைகள் கையுறையோடுதான் வருவார்கள். டேப்லெட்டைக் கொடுத்தால் கையுறையைக் கழற்ற வேண்டும், போர்டு என்றால் கழற்ற வேண்டாம். இந்த வித்தியாசத்தை அந்தக் கோவை ஆள் போகிற போக்கில் சொன்னபோது, எனக்கு ஆறு மணி நேரப் பயிற்சியில் கிடைக்காதது கிடைத்தது. மஞ்சூர்க்காரி சால்வை போடாமல் பாடம் நடத்த மாட்டாள் என்று சமவெளியில் உட்கார்ந்து திட்டமிடுகிறவர்களுக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அது குற்றம் இல்லை. ஆனால் எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் காணாமல்போன பாடங்களின் கதை. அரைமணி நேரம் உட்கார்ந்து போர்டில் ஒரு பின்னப் பாடம் எழுதிச் சேமித்தேன். மறுநாள் தேடினால் இல்லை. இரண்டு நாள் நான்தான் அழித்துவிட்டேன் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் போர்டுக்கு இரண்டு முகம். ஒன்று ஆண்ட்ராய்டு, இன்னொன்று பக்கவாட்டில் செருகியிருக்கும் கணினி தருகிற விண்டோஸ். நான் எழுதியது ஒரு முகத்தில், தேடியது மறு முகத்தில். வீட்டில் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுவந்த வினாத்தாள் போர்டில் திறந்தபோது ஒரு வரிகூடத் தமிழாக இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன், அந்த எழுத்துரு போர்டில் கிடையாது. ஒருங்குறியில் (யூனிகோடு) அடித்தால் எங்கும் தெரியும். அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் சுற்றுகிற வினாத்தாள்களில் பாதி இன்னும் பழைய எழுத்துருதான். பயிற்சியில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

மின்சாரத்தைப் பற்றி நீட்ட மாட்டேன், அது உங்கள் துறை இல்லை. ஒன்று மட்டும். பைக்காராவில் 1932இலேயே நீர்மின்சாரம் எடுத்த மலை இது. எங்கள் குந்தாவின் மின் திட்டத்தை 1950களில் கனடா நாட்டு உதவியோடு கட்டத் தொடங்கினார்கள். ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற குந்தாவில், தென்மேற்குப் பருவக் காற்றில் ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கம்பியில் சாய்ந்தால் எங்களுக்கு இரண்டு நாள் இருட்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய ஊர்ப்பக்கம் இது. (முதல் ஸ்மார்ட் போர்டு 1991இல் வந்ததும் கனடாவிலிருந்துதான் என்று என் மகள் சொன்னாள். கனடாவுக்கும் எங்களுக்கும் என்ன ராசியோ.) கரண்ட் வந்து போர்டு மறுபடி எழுந்து நிற்க எட்டு நிமிடம். பாட வேளை நாற்பது நிமிடம்.

இதெல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று தெரியுமா? நான் அதை டிவி ஆக்கினேன்.

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எழுதினால் தாவுகிறது, சேமித்தால் காணாமல் போகிறது, வீடியோ என்றால் ஓடுகிறது. காணொளியைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றால் போதும். அந்த நேரத்தில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றிவிடலாம். காணொளிகள் மோசம் என்று சொல்லவில்லை. 2023 ஜூலையில் வந்த மணற்கேணி செயலியில் நன்றாகச் செய்த படங்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தப் பெயரைத் திருக்குறளிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். அங்கே தொடுதல் என்றால் தோண்டுதல், தோண்டத் தோண்ட ஊறும் கேணி. எங்கள் வகுப்பில் தோண்டவும் இல்லை, விரலால் தொடவும் இல்லை. 23 பிள்ளைகளும் கைகட்டி உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். மாதக் கடைசியில் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வரும்: எந்தப் பள்ளியில் போர்டு எத்தனை மணி நேரம் ஓடியது. குறைவாக ஓடியவர்கள் பெயர் சிவப்பில். சிவப்பில் வராமல் இருக்க ஆகச் சுலபமான வழி எது? காலையில் போட்டுவிட்டு மதியம் அணைப்பதுதான். ஆகஸ்டில் எங்கள் பள்ளி பச்சையில் வந்தது. அந்த மாதத்தில் ஒரு பிள்ளைகூட அந்தத் திரையைத் தொட்டதில்லை. பாராட்டுச் செய்தி வந்தது, கைகூப்பும் பொம்மை போட்டுப் பதில் அனுப்பினேன்.

என் மகள் எம்.எட். படிக்கிறாள். இங்கிலாந்தில் லண்டன் பள்ளிகளுக்கு அரசுப் பணத்தில் இந்தப் போர்டுகளை வாங்கிப் போட்டதைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்ததாம். போர்டு வந்த முதல் வருடத்தில் மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று அதில் இருக்கிறதாம். ‘அம்மா, நீ மட்டும் இல்லை’ என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள், எனக்கு ஆறுதலாக இல்லை.

எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பள்ளி சார் ஒருவர். என் தம்பி வயது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குறுவள மையக் கூட்டம் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடுவது) முடிந்து டீ குடிக்கும்போது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, ‘வாங்க டீச்சர், எங்க போர்டுல கொஞ்ச நேரம் கெடுத்துப் பாருங்க’ என்றார். அவர் ஐகான் எதையும் விளக்கவில்லை. அறையில் என்னையும் போர்டையும் விட்டுவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார். நான் அழித்தேன், கிறுக்கினேன், எதையோ அழுத்தித் திரையையே கறுப்பாக்கினேன். ‘ஐயோ சார்’ என்றேன். ‘அது திரைச்சீலை டீச்சர், கீழே இழுங்க’ என்றார் தலைநிமிராமலே. இழுத்தேன். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலக, அடியிலிருந்த படம் துண்டு துண்டாகத் தெரிந்தது. யானையின் வால் மட்டும், அப்புறம் பின்னங்கால். அந்த நிமிடத்தில் எனக்குப் பாடம் ஒன்று தோன்றிவிட்டது: எது என்று ஊகிக்கச் சொல்லி, ஊகத்தை வாக்கியமாகச் சொல்ல வைக்கலாமே! நாற்பது நிமிடம்தான் அங்கே இருந்தேன். அந்த நாற்பது நிமிடம் முழுக்க என் கை திரையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு பாடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

திசைகளும் வரைபடமும் நடத்த வேண்டியிருந்தது. பள்ளியில் நெட் நிற்காது. அதனால் மஞ்சூரில் வீட்டிலிருந்தே எங்கள் பகுதியின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, திரையைப் படமெடுத்து, பென்டிரைவில் கொண்டுபோனேன். போர்டில் போட்டதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பச்சையும் கரும்பச்சையுமாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஒரு படம், நடுவில் எமரால்டு அணைத் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. ‘இது எந்த ஊர் டீச்சர்?’ என்றான் நாலாம் வகுப்பில் ஒருவன். நம்ம ஊர்தான் என்றேன். நம்பவில்லை. ‘டேம் இருக்கு பாரு’ என்றாள் இன்னொருத்தி. பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கூரையைக் கண்டுபிடித்தார்கள், தண்ணீர் தொட்டியை, கோயிலை, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் தகர வரிசையை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை விரலால் வரையச் சொன்னேன். பெஞ்சில் ஏறி ஒவ்வொருவராக வரைந்தார்கள். லைனிலிருந்து வரும் இரண்டு பையன்கள் இரண்டு வேறு வழி போட்டார்கள். ஒன்று நேர்க்கோடு மாதிரி, மற்றது தேயிலைக் காட்டைச் சுற்றி வளைந்து. எது குறுக்கு வழி என்று நான் கேட்டேன். நேர்க்கோடுதானே குட்டை, பதில் எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, ‘இல்லை டீச்சர், சுத்தி வர்றதுதான் சீக்கிரம்’ என்றாள். நேர் வழி ஓடையில் இறங்கி மறுபடி செங்குத்தாக ஏறுகிறது, மூச்சு வாங்கும். படத்தில் அந்த இறக்கமும் ஏற்றமும் எங்கே? இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் மலை தட்டையாகிவிட்டது. 25 வருடமாக வரைபடம் நடத்துகிறேன், எனக்குத் தோன்றாத கேள்வியை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். ‘அப்போ ஏற்றத்தைப் படத்தில் எப்படிக் காட்டலாம்?’ என்று கேட்டேன். ஒருவன் ஏற்றத்துக்கு நெருக்கமாகவும் சமதளத்துக்குத் தள்ளித் தள்ளியும் கோடு போடலாம் என்றான். சம உயரக் கோடுகள் என்று பெரிய வகுப்பில் படிக்கப்போவதை அவன் பாதி தூரம் தொட்டுவிட்டான், அதன் பெயர் தெரியாமலே.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் அதோடு நிற்கவில்லை. சிவப்பு எடுத்து இன்னொரு இடத்தில் வட்டம் போட்டாள். காலையில் காட்டுமாடு நிற்கும் இடமாம். அதனால்தான் லைன் பிள்ளைகள் எட்டரைக்கு முன்னால் அந்தப் பக்கம் வருவதில்லையாம். தாமதமாக வருவதற்காக அந்தப் பிள்ளைகளை எத்தனையோ நாள் வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது கரண்ட் போயிற்று. சேமிக்கவில்லை. ‘ஆ’ என்று ஒரு சத்தம், பிறகு பிள்ளைகள் தாங்களாகவே சாக்பீஸை எடுத்துச் சிமெண்ட் தரையில் அதே படத்தை வரைய ஆரம்பித்தார்கள். அணை, ஓடை, காட்டுமாட்டுக்கு ஒரு சிவப்பு வட்டம். மதிய மணி அடித்ததே தெரியவில்லை.

அந்த நாள் உங்கள் பட்டியலில் எப்படி இருந்தது என்று பார்த்தேன். போர்டு ஓடிய நேரம் 35 நிமிடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது சின்னது. ஒன்றாம் வகுப்புக்கு வரும் படகர் வீட்டுக் குழந்தைக்குப் பால் என்றால் ஹாலு, வீடு என்றால் மனெ. தமிழ்ச் சொல்லைத் திணறிக்கொண்டே பிடிக்கும். போர்டில் குரலைப் பதிவு செய்யலாம் என்று தெரிந்ததும், பசுவும் பாலும் வீடும் படமாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு குரல்களை ஒட்டினோம். ஒரு முறை தொட்டால் ஐந்தாம் வகுப்பு அக்காவின் குரலில் படகச் சொல், மறுபடி தொட்டால் தமிழ்ச் சொல். ஜார்க்கண்ட் பிள்ளைகள் மூவரும் தங்கள் சொல்லையும் சேர்க்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள், இப்போது பசுவுக்கு மூன்று குரல். தலைமை ஆசிரியர்கூட ஒரு நாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு 58 வயது, போர்டு பக்கமே வராதவர்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

புதிதாக ஒரு பயிற்சி நாள் வேண்டாம். ஹால், பேனர், தக்காளி சாதம் எதுவும் வேண்டாம். மாதாமாதம் குறுவள மையக் கூட்டம் எப்படியும் நடக்கிறது. அதில் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தைக் குறைத்து ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். போர்டு இருக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவோம். எட்டுப் பத்துப் பேர்தான் இருப்போம், எல்லோர் கையும் திரையில் படும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் தன் வகுப்பில் செய்த ஒரு பாடத்தைக் கொண்டுவந்து செய்து காட்டட்டும். முக்கியமாக, எங்கே கெட்டது என்பதையும் சொல்லட்டும். உங்கள் பயிற்சியாளர் வந்தால் சந்தோஷம், ஆனால் அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற சார் மாதிரி இருக்க வேண்டும். ‘அது திரைச்சீலை, கீழே இழுங்க’ என்று சொல்லும் அளவுக்குப் பேசினால் போதும்.

அந்த மணிக்கணக்குப் பட்டியலை நிறுத்துங்கள். நிறுத்த முடியாது, மேலே கணக்குக் கேட்கிறார்கள் என்றால், எத்தனை மணி ஓடியது என்பதற்குப் பதிலாக எத்தனை பிள்ளைகள் எழுந்து வந்து தொட்டார்கள் என்று கேளுங்கள். அதையும் நாங்கள் பொய்யாக நிரப்பலாம், தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைப் படிக்கும்போதாவது எனக்கு ஆகஸ்ட் மாதம் உறுத்தியிருக்கும்.

போர்டை ஒன்றே கால் அடி கீழே இறக்க அனுமதி வேண்டும். கேட்டபோது உத்தரவாதம் போய்விடும் என்றார்கள், எழுத்தில் கேட்டால் பதில் இல்லை. நான்கு போல்ட், ஒரு டிரில்லிங் மெஷின், அரை நாள் வேலை. பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றுவதை விட அது பத்திரம்.

கீறினாலோ உடைந்தாலோ ஆசிரியர் கைக்காசு கட்ட வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சுற்றறிக்கை விடுங்கள். இந்த மலையில் எத்தனை போர்டுகள் பெட்ஷீட்டுக்கு அடியில் இருக்கின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும். பள்ளி பெயர்களைச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரி வந்தால் பாதிப் போர்வை அன்றைக்கே மடிந்துவிடும்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வரைபடப் பாடத்தை நான் பென்டிரைவில் கொண்டுவருகிறேன், இந்த முறை இரண்டு இடத்தில் சேமித்து. ஐந்தாம் வகுப்புப் பெண்ணையும் அழைத்துவர அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், பறிப்பு இல்லாத சனிக்கிழமை என்றால் தானும் வருவதாகச் சொன்னார். உங்களில் யாராவது வருவதானால் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள், போர்டு எழுந்திருக்க எட்டு நிமிடம் ஆகும். சால்வை கொண்டுவாருங்கள், குளிரும். எழுதும்போது மட்டும் கழற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இடைநிலை ஆசிரியை ஒருவர்
குந்தா வட்டம், நீலகிரி